பெட்டியடியிற் கிடக்கும் வரலாறு: புலம்பெயர்ந்தோர் கடிதங்களும் அவற்றை வாசிக்கும் முறையும்

வரலாறு என்றதும் நம் மாணவர் மனக்கண்முன் தோன்றுவன அரசர்களும் அவர்தம் போர்களும், கல்வெட்டுக்களும் செப்பேடுகளுமேயாம். இவை வரலாற்றுச் சான்றுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு அரண்மனைகளில் மட்டும் எழுதப்படுவதன்று. கடல் கடந்து சென்ற மகன் தாய்க்கு எழுதிய கடிதம், அவன் அனுப்பிய பணத்துக்கான பற்றுச்சீட்டு, வரவு செலவு குறித்து வைத்த கொப்பி, ஊர்ச் சங்கத்தின் கூட்டக் குறிப்பு, ஒரு நிழற்படத்தின் பின்புறத்தில் எழுதிய இரண்டு வரி என்பனவும் வரலாற்றுச் சான்றுகளே. அரசர் வரலாற்றைப் பிறர் எழுதிவைப்பர். எளிய மக்களின் வரலாற்றை அம்மக்களே எழுதிப் பேணாவிடின் வேறெவரும் எழுதார்.

இக்கட்டுரை நம் பள்ளியின் மேல்வகுப்பு மாணவருக்காகவும் அவர்தம் பெற்றோருக்காகவும் எழுதப்படுகின்றது. பிறிதொரு நாட்டு மக்கள் தம் புலம்பெயர்வின் தாள்களை எவ்வாறு காத்தனர், நம்மவர் தாள்களுக்கு என்ன நேர்ந்தது, ஒரு பழைய தமிழ்க் கடிதத்தை எவ்வாறு வாசித்தல் வேண்டும், எவ்வாறு பேணுதல் வேண்டும் என்னும் நான்கினையும் முறையே நோக்குவோம்.

நோர்வே மக்கள் காட்டிய வழி

1825ஆம் ஆண்டு யூலை மாதத்தில், நோர்வேயின் ஸ்தவாங்கர் துறைமுகத்திலிருந்து "ரெஸ்தவுராசியோன்" என்னும் சிறு பாய்க்கப்பல் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டது. அதில் ஏறியோர் 52 பேர். ஒக்டோபர் 9ஆம் நாள் நியூயோர்க்கை அடைந்தபோது 53 பேர் இருந்தனர். வழியில் ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. அன்று தொடங்கிய பெயர்வு ஒரு நூற்றாண்டு நீடித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நோர்வேயர் அமெரிக்காவிற் குடியேறினர். மலையிடுக்குகளிற் சிறு துண்டு நிலத்தை நம்பி வாழ்ந்த உழவர்களும் மீனவர்களுமே இவர்களுட் பெரும்பாலோர்.

இம்மக்கள் தாயகத்துக்கு எழுதிய மடல்களை நோர்வேயில் "அமெரிக்கக் கடிதங்கள்" என்றே அழைத்தனர். ஒருவர் வீட்டுக்கு வந்த கடிதம் அவ்வீட்டோடு நிற்பதில்லை. அயலவர் கூடியிருக்க உரத்து வாசிக்கப்பட்டது. கையாற் படியெடுக்கப்பட்டு அடுத்த ஊருக்குச் சென்றது. சில செய்தித்தாள்களிலும் அச்சேறின. அங்கே நிலத்தின் விலை என்ன, கூலி என்ன, குளிர் எப்படி என்பவற்றை மக்கள் அக்கடிதங்களிலிருந்தே அறிந்தனர்.

எடுத்துக்காட்டாக ஒருவரைக் கூறலாம். ஹல்லிங்டால் என்னும் மலைப்பகுதியைச் சேர்ந்த குரோ ஸ்வென்ட்சன் என்னும் இளம்பெண் 1862இல் தம் கணவரோடு அமெரிக்கா சென்று, அயோவா மாநிலத்தின் புல்வெளியிற் குடியேறினார். 1878இல் இறக்கும்வரை பெற்றோருக்குக் கடிதம் எழுதிவந்தார். அவர் அரசியல் தலைவரல்லர், போர்வீரருமல்லர். ஆயினும் அக்கடிதங்கள் 1950இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தபோது, குடியேறிய ஒரு பெண்ணின் நாளாந்த வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அவை முதன்மைச் சான்றாயின.

இக்கடிதங்கள் தாமாகவே தப்பிப் பிழைத்தனவல்ல. முதற்கப்பல் சென்று சரியாக நூறு ஆண்டு கழித்து, 1925இல், மினசோட்டா மாநிலத்தின் நோர்த்பீல்ட் நகரிலுள்ள புனித ஓலாவ் கல்லூரியில் நோர்வே அமெரிக்க வரலாற்றுச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதற் செயலாளராய் விளங்கியவர் ஓலே ரோல்வாக். இருபது வயதில், 1896இல், மீன்பிடித் தொழிலை விட்டு அமெரிக்கா சென்று, பண்ணைக் கூலியாளாக வேலைசெய்து, பின் கற்று, அக்கல்லூரியிலேயே நோர்வே மொழி ஆசிரியரானவர் அவர். சிறந்த நாவலாசிரியருமாவார். கடிதம், நாட்குறிப்பு, சங்கப் பதிவு, நிழற்படம் ஆகியவற்றை வீடுவீடாகத் தேடிச் சேர்க்கும் பணி இவ்வாறு தொடங்கிற்று. தியோடர் பிளேகன் என்னும் வரலாற்றாசிரியர் 1920களின் இறுதியில் நோர்வேக்கே சென்று கடிதங்களைத் தேடினார். காரணம் தெளிவு: அமெரிக்காவிலிருந்து எழுதப்பட்ட கடிதம் அமெரிக்காவில் இராது, பெற்றவர் வீட்டிலேயே இருக்கும். ஒரு கடிதத் தொடர்பின் இரு பாதிகளும் இரு நாடுகளிற் கிடக்கின்றன என்பதை மாணவர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஆனால் நோர்வேயர்க்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. தாள்களைக் காத்த அவர்கள் மொழியைக் காக்க முடியவில்லை. அயோவாவில் 1874இல் தொடங்கிய "டெக்கோரா போஸ்தன்" என்னும் நோர்வேமொழிச் செய்தித்தாள் வாசகர் அருகியமையால் 1972இல் நின்றுபோயிற்று. இன்று பல குடும்பங்களில் பூட்டனார் எழுதிய கடிதம் இருக்கின்றது. அதை வாசிக்கப் பூட்டப்பிள்ளையால் இயலவில்லை. பழைய கையெழுத்தையும் ஊர்வழக்கையும் அறிந்த மொழிபெயர்ப்பாளரிடமே கொண்டு செல்ல வேண்டியுள்ளது. இச்செய்தி தமிழ்ப் பள்ளிகளாகிய நமக்கு மிக இன்றியமையாதது. பின்னர் இதற்கு மீள்வோம்.

நம்மவரைப் பற்றிப் பிறர் எழுதியவை

நோர்வேயருக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று எண்ணவேண்டாம். யாழ்ப்பாணத்தவரான அந்தனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்று, மீன்பிடித் துறையிற் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1967இல் காரைநகரில் "சீநோர்" என்னும் மீன்பிடி அபிவிருத்தித் திட்டத்தை உருவாக்கினார். அவருக்குப் பின் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் நோர்வே சென்றனர். மக்களை வெளியே அனுப்பிய நாடு மக்களை வரவேற்கும் நாடாயிற்று.

தமிழர் பெயர்வோ அதனினும் பழையது, பல திசையினது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட "துரூரோ" என்னும் கப்பல் 342 பேருடன் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறையை அடைந்தது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர் 1,52,184 பேர். இவர்களுட் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் கப்பற் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளது: இலக்கம், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு, மச்சம். முழங்காலில் இருந்த வடுவைக்கூட எழுதிவைத்தார்கள். அவ்வடு எவ்வாறு ஏற்பட்டது, அவர் ஏன் கப்பலேறினார், யாரைப் பிரிந்தார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஏனெனில் பதிவேட்டை எழுதியவர் அவரல்லர். அவரை எண்ணிக் கணக்கெடுத்தவர்.

இலங்கை மலையகத்திலும் இதே நிலைமையே. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மக்களின் பெயர் அங்கே எழுதப்பட்ட முதன்மையான தாள் "துண்டு" என்பதாகும். தொழிலாளியின் கடன் எவ்வளவு, அக்கடனைத் தீர்ப்பவரிடம் அவரை விடுவிக்கலாம் என்று கூறும் சீட்டு அது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. எழுதத் தெரியாத அம்மக்கள் தம் துயரையும் நகைப்பையும் பாடல்களில் வைத்தனர். அவற்றை ஊரூராகத் திரட்டி 1983இல் நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் தொண்டு போற்றற்குரியது. கடிதம் இல்லாதவிடத்து அப்பாடல்களே அம்மக்களின் கடிதம்.

பிஜித் தீவில் ஒப்பந்தக் கூலியாயிருந்த தோதாராம் சனாத்ய என்பவர் தாயகம் திரும்பித் தம் அனுபவத்தைக் கூற, அது 1914இல் இந்தி மொழியில் நூலாயிற்று. அந்நூல் கூலிமுறைக்கு எதிரான கிளர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தது. ஓர் எளியவரின் சொந்தச் சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கு இதுவே சான்று. இலட்சக்கணக்கானோர் சென்ற இப்பெயர்வில் இவ்வாறு தம் சொல்லை விட்டுச் சென்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

எஞ்சியனவும் அழிந்தனவும்

எழுத்தறிந்தோர் சென்ற இடங்களில் நிலைமை சற்று வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் யாழ்ப்பாணத்தவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகவும் புகையிரத, நிலஅளவைத் திணைக்கள ஊழியராகவும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் யாழ்ப்பாணத்தில் வீடுகளும் கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. அக்காலத்தை "மணியோடர் பொருளாதாரம்" என ஆய்வாளர் குறிப்பிடுவர். மணியோடரோடு கடிதமும் வந்தது. மலாயாவில் ஆசிரியராயிருந்த எஸ். துரைராஜசிங்கம் அவர்கள் 1867 முதல் 1967 வரையிலான நூறாண்டுக் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இலங்கையரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நோர்வேயர்க்கு ரோல்வாக் போல் நம்மவர்க்கும் ஓர் ஆசிரியர் வாய்த்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலாயா, இந்தோசீனா முதலிய நாடுகளில் நடத்திய கொடுக்கல் வாங்கலின் கணக்கேடுகளையும் கடிதங்களையும் தம் பெரிய வீடுகளிற் பேணினர். அப்பகுதியின் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் நூல்களோடு துண்டுப்பிரசுரம், அழைப்பிதழ் போன்ற, பிறர் எறிந்துவிடும் தாள்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின், 1994இல் அச்சேகரத்தை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

அழிந்தவற்றையும் கூறுதல் வேண்டும். 1942இல் யப்பானியப் படை பர்மாவுட் புகுந்தபோது பல்லாயிரம் தமிழர் காடு மலை கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்பினர். உயிரே பெரிதான அவ்வழியில் தாள்களைச் சுமந்தவர் யார்? 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அதன்பின் நீடித்த போரில் வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

ஊரில் ஆசிரியனாயிருந்த நாட்களில், இடம்பெயர்ந்து செல்வோரின் கைகளில் இருந்தவற்றை நான் கண்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு ஆகியன ஒரு பொலித்தீன் பையிற் சுற்றப்பட்டிருக்கும். கடிதக் கட்டு வீட்டு லாச்சியிலேயே தங்கிவிடும். அதிற் குறைகாண ஏதுமில்லை. சோதனைச் சாவடியிற் கடிதம் உதவாது. ஆயினும் காணி உறுதி ஒருவருக்கு எத்தனை பரப்புக் காணி இருந்தது என்பதையே கூறும். அக்காணியில் நின்ற மாமரம் அவ்வாண்டு காய்த்ததா, அதன் கீழ் யார் யார் இருந்து பேசினர் என்பதைக் கடிதம் மட்டுமே கூறும்.

2005இல் தொடங்கப்பட்ட "நூலகம்" என்னும் எண்ணிம நூலகம் ஈழத்தமிழரின் நூல், இதழ், ஆவணங்களை மின்வடிவிற் பாதுகாத்து எவரும் பார்க்கத்தக்கதாக வைத்துள்ளது. எரிந்ததை மீட்க இயலாவிடினும் எஞ்சியதைக் காக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

வளைகுடாக் கடிதங்கள்

இனி நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். சார்ஜா எல்லையோரமாய் அமைந்த இவ்வல் குசைஸ் பகுதியிலும் அயலிலும் ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தமிழகத்தாரும் இலங்கையரும் வந்து உழைத்துச் செல்கின்றனர். அமெரிக்கா சென்ற நோர்வேயர் அங்கேயே வேரூன்றினர். அவர்தம் பேரர் அந்நாட்டில் இருந்தபடியால் அவர்களுக்கு ஒரு காப்பகம் அமைந்தது. இங்கோ வேலை முடிந்து விசா இரத்தாகியதும் ஒரு குடும்பம் சில கிழமைகளுக்குள் வீட்டைக் காலிசெய்து புறப்பட வேண்டும். விமானத்திற் கொண்டுசெல்லத்தக்க நிறைக்கு அளவுண்டு. தளபாடம் விற்கப்படும், பாத்திரம் அயலவருக்குப் போகும், தாள்கள் குப்பைக்குப் போகும். ஆகவே வளைகுடாத் தமிழரின் வரலாறு ஒவ்வொரு புறப்பாட்டிலும் சிறிது சிறிதாக அழிகின்றது.

தொலைபேசிக் கட்டணம் மிகுந்திருந்த நாட்களில் கடிதமே ஒரே துணை. நெடுங்காலமாக இங்கு தபாற்காரர் வீடு தேடி வந்ததில்லை. கம்பனியின் தபாற்பெட்டி இலக்கத்துக்கே கடிதம் வந்தது. ஒரே இலக்கத்துக்கு நூற்றுக்கணக்கானோர் கடிதம் வரும். எழுத அறியாதவருக்கு அறையிலிருந்த மற்றொருவர் எழுதிக்கொடுத்தார். கடிதத்துக்கு மேலாக ஒலிநாடாவும் இருந்தது. பேசிப் பதிவுசெய்து, ஊருக்குப் போகின்றவர் கையிற் கொடுத்தனுப்பினர். ஊரிலிருந்து குழந்தையின் மழலை பதிந்து வந்தது. அயல்மொழியாகிய மலையாளத்தில் எஸ். ஏ. ஜமீல் அவர்கள் 1970களில் இயற்றிய "துபாய்க் கத்துப் பாட்டு" என்னும் கடிதப்பாடல் வளைகுடாவிலிருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் மடலாக அமைந்து, கேரளத்திலும் இங்கும் வாழ்ந்தோர் நெஞ்சை உலுக்கியது. பாட்டாகுமளவுக்குக் கடிதம் அந்நாளில் வாழ்வோடு ஒன்றியிருந்தது.

ஒரு கடிதத்தை வாசிக்கும் முறை

பாடத்துக்கென ஆக்கப்பட்ட மாதிரிக் கடிதமொன்றைக் கீழே தருகின்றேன். இத்தகைய கடிதங்கள் பல வீடுகளில் உண்டு.

"௨. டுபாய், 12.08.1986. அன்புள்ள அம்மாவுக்கு மகன் எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் நான் நலம். உங்கள் நலமும் தம்பி தங்கச்சி நலமும் அறிய ஆவல். நீங்கள் ஆனி கடைசியில் எழுதிய கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இங்கு வேலை சுகம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வெயில் கொஞ்சம் கூட. இம்முறை காசு அனுப்பவில்லை. அடுத்த மாதம் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அனுப்புவேன். தங்கச்சியின் காரியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சின்ன மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்லி வாங்கவும். மற்றவை பின்." ஓரத்தில், குறுக்காக: "நெஞ்சு நோவுக்குத் தந்த மருந்தை நிற்பாட்ட வேண்டாம்."

இதனை மூன்று கேள்விகளால் வாசித்தல் வேண்டும்.

முதலாவது: கடிதம் வெளிப்படையாகக் கூறுவது என்ன? திகதி, இடம், உறவு, பணம் அனுப்பாமை, தங்கையின் காரியம் ஆகியன. "காரியம்" என்பது இங்கே திருமணம் என்பதைப் பெற்றோர் விளக்குவர். ஆனி கடைசி என்பது யூலை நடுப்பகுதி. கடிதம் ஓகஸ்ட் 11இற் கிடைத்துள்ளது. எனவே ஊரிலிருந்து இங்கு வர ஏறக்குறைய நான்கு கிழமை சென்றுள்ளது. தபால்முத்திரை இருப்பின் இதனை உறுதிசெய்யலாம்.

இரண்டாவது: கடிதம் குறிப்பாக உணர்த்துவது என்ன? "வேலை சுகம்" என்பவர் பணம் அனுப்பவில்லை. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அனுப்புவதாகக் கூறுகின்றார். சம்பளம் நின்றிருக்கலாம். ஓகஸ்ட் மாத வெயிலைக் "கொஞ்சம் கூட" என்கின்றார். அம்மாதத்தில் இங்கு வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டுவதை நாம் அறிவோம். நண்பகலில் வெளிவேலையைத் தடைசெய்யும் விதி பின்னாளில் வந்தது; 1986இல் இல்லை. தாய் கலங்கக்கூடாது என்பதற்காகவே அவர் சொற்களைச் சுருக்குகின்றார். ஆனால் இவை ஊகமேயன்றி நிறுவப்பட்ட உண்மையல்ல. சம்பளச் சீட்டோ வேறொரு கடிதமோ கிடைத்தாலன்றி முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. சான்று வேறு, ஊகம் வேறு என்று பிரித்தறிவதே வரலாற்றுக் கல்வியின் முதற்பாடம்.

மூன்றாவது: கடிதம் கூறாது விடுவது என்ன? அவர் எத்தனை பேரோடு ஓர் அறையில் இருக்கின்றார்? எப்போது ஊருக்கு வருவார்? தங்கையின் திருமணத்துக்கு வருவதாக ஒரு சொல்லும் இல்லை. ஓரத்தில் எழுதியதையும் நோக்குக. கடிதத்தை முடித்த பின்னரே அவர் நெஞ்சிலிருந்தது வெளிவந்தது. ஓரக்குறிப்பைத் தவறவிடுபவர் கடிதத்தையே தவறவிடுபவராவார்.

இம்மகனின் கடிதம் ஊரில் இருக்கும். தாயின் மறுமொழி இங்கிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தாலன்றிக் கதை முழுமை பெறாது.

பழைய எழுத்தை அறிதல்

கடிதம் கையிலிருந்தும் வாசிக்க இயலாத நிலை நோர்வேயரின் பேரருக்கு வந்தது என்றேன். நம் பிள்ளைகளுக்கும் அந்நிலை வருகின்றது. அச்செழுத்தை வாசிக்கும் மாணவர் பலர் பாட்டியின் கையெழுத்தைக் கண்டதும் மலைக்கின்றனர். பின்வருவனவற்றை அறிந்தாற் பெரும்பகுதி தெளிவாகும்.

ஒன்று: தமிழக அரசு 1978இல் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தால் 13 எழுத்துக்களின் வடிவம் மாறிற்று. ணா, றா, னா ஆகியவை முன்பு தனிக் கால் இன்றி எழுத்தோடு இணைந்த சுழியாக எழுதப்பட்டன. ணை, லை, ளை, னை ஆகியவை எழுத்தின் மேல் யானைத் தும்பிக்கைபோல் வளைந்த குறியுடன் எழுதப்பட்டன. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்பனவும் அவ்வாறே. சீர்திருத்தத்துக்கு முன் கற்றோர் பின்னரும் பழைய வடிவையே எழுதினர்.

இரண்டு: குறியீடுகள். ௳ நாளையும், ௴ மாதத்தையும், ௵ ஆண்டையும், ௹ ரூபாயையும், ௸ மேற்படி என்பதையும் குறிக்கும். தமிழ் எண்களும் வரும். ௲௯௱௩௰௪ என்றிருப்பின் அது 1934. முகப்பில் ௨ போன்ற பிள்ளையார் சுழியோ, 786 என்னும் எண்ணோ, சிலுவைக் குறியோ இருப்பின் எழுதியவரின் சமயமரபை அது காட்டும்.

மூன்று: ஆண்டுப் பெயர். "பவ வருடம்" என்று மட்டும் எழுதியிருப்பின் அவசரப்படலாகாது. அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் மீளும். பவ என்பது 1934–35ஆகவும் இருக்கலாம், 1994–95ஆகவும் இருக்கலாம். தாள், மை, முத்திரை, செய்தி ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

நான்கு: அரபுத்தமிழ். கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கை முதலிய இடங்களின் முஸ்லிம் குடும்பங்களில் தமிழை அரபு எழுத்தில் எழுதும் மரபு இருந்தது. பெண்கள் பலர் அவ்வெழுத்திலேயே கடிதம் எழுதினர். இங்கு பள்ளிகளில் அரபு எழுத்தைக் கற்கும் நம் மாணவர், தமிழும் அறிந்திருப்பதால், அத்தகைய கடிதங்களை வாசிக்க முயலலாம். ஊரிலுள்ள பிள்ளைகள் பலருக்கு இல்லாத வாய்ப்பு இது.

பேணும் முறை

கடிதத்தை ஒட்டுநாடாவால் ஒட்டுதலும் பிளாஸ்ரிக் உறையில் உருக்கி மூடுதலும் தகா. காலப்போக்கில் அவை தாளையே கெடுக்கும். துருப்பிடிக்கும் ஊசி, கிளிப் ஆகியவற்றை நீக்குக. இங்குள்ள கோடையின் ஈரப்பதன் தாளுக்கும் நாடாவுக்கும் பகை. பல்கனியில் வைக்காது குளிரூட்டிய அறையில், உலர்ந்த பெட்டியில் வைக்குக. உறையையும் முத்திரையையும் எறியாதீர். பணம் அனுப்பும் நிலையங்கள் தரும் பளபளப்பான வெப்பத்தாட் பற்றுச்சீட்டுக்களின் எழுத்துச் சில ஆண்டுகளில் மங்கிவிடும். அவற்றை உடனே படமெடுத்து வைக்குக. பழைய ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காது, ஒருமுறை தக்கவரிடம் கொடுத்து மின்வடிவுக்கு மாற்றுக.

இன்றைய கடிதம் கைபேசியில் வாழ்கின்றது. வாட்ஸ்அப்பில் வரும் அப்பம்மாவின் குரற்செய்தி கைபேசி மாறும்போது மறைந்துபோகலாம். முக்கியமானவற்றைப் பேசியவர் பெயர், திகதி ஆகியவற்றோடு வேறிடத்திலும் சேமித்தல் வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு முந்திய நீலக் கடிதம் எஞ்சியிருக்க, சென்ற ஆண்டின் குரல் அழிந்துபோவது வருந்தத்தக்கது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடிதம் எழுதியவருக்கும் பெற்றவருக்கும் உரியது. அதிற் பிறர் கடன், நோய், மணமுறிவு ஆகியன இருக்கலாம். உரியவர் இசைவின்றி எவர்க்கும் காட்டலாகாது. வெளியிட விரும்பாத கடிதத்தை அழிக்கவும் வேண்டியதில்லை. "இத்தனை ஆண்டு கழித்தே திறக்க" என்று மேலுறையில் எழுதி வைக்கலாம். காப்பகங்களும் இத்தகைய நிபந்தனையை ஏற்பதுண்டு.

மாணவர்க்குப் பயிற்சி

1. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய கையெழுத்துத் தாளைப் பெற்றோர் அனுமதியுடன் தேடி எடுக்குக. அதன் திகதி, எழுதியவர், பெற்றவர், இடம் ஆகியவற்றைத் தனித்தாளிற் பென்சிலால் எழுதுக.

2. அதனை எழுத்துப்பிசகாது பார்த்தெழுதுக. புரியாத சொல்லைத் திருத்தாதீர்; அடிக்கோடிடுக. அச்சொல்லை ஊரிலுள்ள மூத்தோரிடம் தொலைபேசியிற் கேட்டறிக.

3. மேற்கூறிய மூன்று கேள்விகளுக்கும் மூன்று நிரல்களில் விடை எழுதுக.

4. நீங்கள் இங்கிருந்து அனுப்பிய கடிதமோ படமோ ஊரில் யாரிடம் உள்ளது என விசாரித்து, அதன் படியைப் பெறுக.

5. வீட்டிற் பழைய தாள் எதுவும் இல்லையெனின், தந்தையோ தாயோ முதன்முதலாக இந்நாட்டில் வந்திறங்கிய நாளைப் பற்றிக் கேட்டு, அவர் கூறும் சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதுக. திகதியிட்டுக் கையொப்பம் பெறுக. அதுவே உங்கள் குடும்பத்தின் முதல் ஆவணமாகும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் புறப்படும் நாளிற் பெட்டி கட்டும்போது, கடிதக் கட்டுக்கு நான்கு விரல் அகல இடம் விடுங்கள். அதன் நிறை அரைக் கிலோவும் வராது. அதைத் திறந்து வாசிக்கும் ஆற்றலை உங்கள் பிள்ளைக்கு ஊட்டுவதே வெள்ளிதோறும் சனிதோறும் இவ்வகுப்பறைகளில் நாங்கள் செய்யும் பணி. தாளும் வேண்டும், அதை வாசிக்க வல்ல பிள்ளையும் வேண்டும். நோர்வேயருக்கு முன்னதே மிஞ்சிற்று. நமக்கு இரண்டும் வாய்ப்பது நம் கையிலேயே உள்ளது.